துடக்கு நாட்களில் ஒரு யப்பான் பயணம்

சாவுத் துடக்கு உள்ள வீட்டுக்காரர் யப்பானில் ஒரு புத்த கோயிலுக்குள் போகலாமா, கூடாதா? போய்வந்து ஆறு கிழமையாகிறது. எனக்கு இன்னும் தெரியவில்லை.

கணவருக்கு வேலையிடத்தால் நாகானோவில் இரண்டு வாரப் பயிற்சி கிடைத்தது. நானும் நாலு வயது மகளும் கூடப் போவதென்று எல்லாம் ஒழுங்கு செய்தபிறகு, ஊரில் அவருடைய பெரியப்பா காலமாகிவிட்டார். மாமி, அவருடைய அம்மா, தொலைபேசியில் அழுது ஓய்ந்தபின் சொன்னா:

"பயணத்தை நிப்பாட்ட வேண்டாம் பிள்ளை. அவள் பனியிலை விளையாடட்டும். ஆனா முப்பத்தொண்டாம் நாள் முடியுமட்டும் கோயில் வாசலை மிதிச்சுப் போடாதேங்கோ."

"ஓம் மாமி" என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது என்ற முடிவோடுதான் விமானம் ஏறினேன்.

முதல் சனிக்கிழமை பனிச்சறுக்கு. ஒஸ்லோவில், நாங்கள் இருக்கும் புருசெத்தில் இத்தனை வருடம் பனி வழித்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தோம். ஸ்கி வாடகைக்குக் கொடுத்தவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். நோர்வே என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. நேரே உயரமான சரிவுக்கு வழி காட்டிவிட்டார். இல்லை என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வெட்கம். மேலே போய்க் கீழே பார்த்தபிறகு ஸ்கிகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, மகளை மாறிமாறித் தூக்கி, நடந்தே இறங்கினோம். ஆகவே நீங்கள் போனால், எங்களுக்குச் சறுக்கத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையின் பாதத்தைக் காலுறையோடு சென்ரிமீற்றரில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அங்கே சப்பாத்தின் அளவு அப்படித்தான்.

இரண்டாம் சனிக்கிழமை, மலையடிவாரத்தில் ஒரு பழைய கோயிலைப் பார்க்க வேண்டுமென்று கணவர் பிடிவாதமாக நின்றார். தானும் துடக்குக்காரன் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"இது பாக்கிற இடம். கும்பிடுற இடமில்லை" என்றார்.

"அப்ப ஏன் சப்பாத்தைக் கழட்டச் சொல்லுகினம்?"

"உம்மோடை கதைச்சு வெல்லேலாது" என்று சிரித்துக்கொண்டு கமராவுடன் உள்ளே போனார். நான் மகளோடு முற்றத்தில் நின்றுவிட்டேன். அரை மணித்தியாலம் பனியில் உருண்டை செய்வோம், அதோடு சரி என்று கணக்குப் போட்டேன்.

முற்றத்தின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. மேலே பனி மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. மகளின் ஒரு கால் முழங்கால்வரை அதற்குள் போனது. சப்பாத்துக்குள் தண்ணீர். மாற்றுக் காலுறை விடுதியில். கடை ஒன்றும் கண்ணுக்கு எட்டவில்லை. கொஞ்ச நேரத்தில், கால் குத்துகிறது என்று அழுதவள், பிறகு கால் இருக்கிறதே தெரியவில்லை என்றாள்.

கோயிலுக்குள் அனுமதிச்சீட்டு மேசைக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்தது. அங்கிருந்த அம்மா கையசைத்துக் கூப்பிட்டா. ஓம் என்று மாமிக்குச் சொன்னது நான். கால் விறைத்தது பிள்ளைக்கு. மகளைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். அந்த இடத்தில் மட்டும் நான் தயங்கவில்லை.

மகள் பார்னஹாகேக்கு, அங்கத்தைய பாலர் பள்ளிக்கு, போட்டுப் போகிற ஒற்றை உடுப்பை, கழுத்திலிருந்து கணுக்கால்வரை கழற்ற வேண்டியிருந்தது. அந்த அம்மா ஒரு துவாயால் பாதத்தைச் சுற்றித் தேய்த்தா. கால் சிவந்து சூடேறியதும் மகள் எழுந்து வெறுங்காலோடு புத்தருக்கு முன்னால் போய், ஒஸ்லோக் கோயிலில் செய்வதுபோலத் தலைக்குமேல் கைகூப்பினாள்.

"அம்மா, நீங்களும் கும்பிடுங்கோ."

நான் ஈரக் காலுறையை அடுப்பின் சூட்டில் பிடித்தபடி இருந்தேன். கும்பிடவில்லை. உள்ளே வந்தபிறகு கும்பிடாமல் விட்டது இன்னொரு பிழையோ என்றும் யோசித்தேன். அதற்குள் அவர் படம் எடுத்துவிட்டார்: மகளின் கூப்பிய கை, பின்னால் நான்.

பனிக்காலத்தில் சிறுபிள்ளையோடு போகிறவர்கள் மேற்சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக உள்ள உடுப்பைக் கொண்டுபோங்கள். இழுத்து ஒட்டுகிற சப்பாத்து நல்லது. இரண்டு சோடி கம்பளிக் காலுறை உங்கள் கைப்பையில் இருக்கட்டும். கோயில் முற்றங்களில் மற்றவர்கள் நடந்த தடத்திலேயே நடவுங்கள்.

முப்பத்தொன்று முடிந்துவிட்டது. மாமி எல்லாப் படங்களையும் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறா. "அந்த ஒண்டை மட்டும் எடுத்துவிடும். ஏன் வீணா அம்மாவின்ரை மனதை நோகப்பண்ணுவான்?" என்கிறார் அவர். நான் எடுக்கவில்லை. உறைக்குள் வைத்துவிட்டேன், கூட ஒரு கடிதம் வைக்காமல் அனுப்பவும் மாட்டேன். மூன்று தாள் எழுதிக் கிழித்தாயிற்று. மன்னிப்புக் கேட்டுத் தொடங்கினால் பிள்ளையை உள்ளே கொண்டுபோனது பிழை என்று நானே ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது; கேட்காமல் தொடங்கினால் துக்கத்தில் இருப்பவரோடு எதிர்த்துக் கதைப்பதுபோல இருக்கிறது. இப்படி ஒரு சொல்லை மீறிவிட்டு அதை மாமியாருக்கு மறைக்காமல் சொன்னவர்கள் உங்களில் இருந்தால், முதல் வரியை எப்படித் தொடங்கினீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.