மூத்தவர் வீட்டுக்கு முதல் வழி

நாரின் என்னும் மலைப்பகுதியில் ஓர் ஊரின் வைஃபையை ஒன்பது ஆண்டுகளாகக் கட்டிக் காப்பவர் எசென்குல். குதிரையேறிப் போய் முகட்டு ஆண்டெனாவில் பனியைத் தட்டிவிடுவதும் அவர்தான், ஊராரிடம் திட்டு வாங்குவதும் அவர்தான். மலை தாண்டி வரும் இணைப்பு ஒன்றே ஒன்று. அதில் நெரிசலானால் எவருடைய தகவல் முதலில் போகவேண்டும் என்று வரிசை வைக்கலாம். விருந்தில் உட்கார வைப்பதுபோலவே அவர் வைத்திருந்தார்: மூத்தவர் வீடுகள் முதலில், இளம் மருமகள்கள் தனியாயிருக்கும் வீடுகள் கடைசியில். ஊரில் ஒருவரும் அதைத் தவறென்று சொன்னதில்லை.

பெரியவர் ஜுமகாதிர் வீட்டுக் கல்யாணத்தன்று அந்த மரியாதை பல்லிளித்தது. ஊரே மாஸ்கோ சொந்தங்களுக்கு வீடியோவில் விருந்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பனிச்சரிவு பாதையை மூடியிருந்ததால் இளம் மருமகள் ஒருத்தி தனியாயிருந்த ஊர்க்கோடி வீட்டில், நகரத்து டாக்டர் வைஃபை வழியாகப் போனில் சொல்லச் சொல்ல, செவிலி சல்கின் ஒருத்தியாகவே பிரசவம் பார்த்தாள். போனில் பேச்சு தாமதமாக வருகிறதென்று அவள் சொல்லியனுப்ப, எசென்குல் மடிக்கணினியோடு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். பிறந்த குழந்தை மூச்செடுக்கவில்லை; மூச்சூட்டும் காற்றுப்பையைச் சல்கின் எடுத்தாள்.

"அண்ணே! டாக்டர் 'காத்துப்பையை அமுக்கு'ன்னா மூணு செகண்டு கழிச்சு வருது. நான் எதைக் கேட்டு அமுக்க?"

"பெரியவர் வீட்டைக் கீழ இறக்கணும் சல்கின், கல்யாணமும் அதுவுமா..."

"இறக்கித் தொலைங்கண்ணே! விருந்து ஆறிப்போனா சூடு பண்ணிக்கலாம்!"

எசென்குல் வீடுகளின் வரிசையையே அழித்தார். எவர் வீடானாலும் பேச்சு முதலில், படம் பின்னால் என்று ஒரே வரி எழுதினார்.

"அமுக்கு... விடு... அமுக்கு..." நகரத்து டாக்டரின் குரலும் சல்கினின் கையும் ஒன்றாக விழுந்தன. ஒரு மனிதக் குரலுக்கு வேண்டியது இத்துனூண்டு இடம்! அதற்கு வழிவிட்டும் கல்யாண வீட்டு வீடியோ நிற்காமல் போய்க்கொண்டிருந்ததை மடிக்கணினி காட்டியது. ஒன்பது வருடம் இதையே கையில் வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று எசென்குல் தலையில் அடித்துக்கொண்டார்.

குழந்தை வீறிட்டது.

"கேக்குது! இங்கயும் கேக்குது!" என்று மலைக்கு அப்பாலிருந்து டாக்டர் கத்தினார்.

எசென்குல் நேரே விருந்துக்குப் போய்ப் பெரியவர் முன்னால் நின்றார். "பெரியப்பா, உங்க வீட்டுக்கு இருந்த முதலிடத்தை எடுத்துட்டேன்." எதற்கென்றும் சொன்னார்.

"எப்போ எடுத்தே?"

"இப்பத்தான், ஆட்டம் நடக்கறப்போ."

"எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையேப்பா." கையிலிருந்த குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தைப் பெரியவர் கீழே வைத்தார். "அப்போ இத்தனை வருஷமா நாம யார் யாரையெல்லாம் மறிச்சுக்கிட்டு இருந்தோம்?"