கேட்டால்தான் பந்து

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். எதற்கும் அசராதவள் என்று பேர். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்து என்னை ஆட்டிவைத்துவிட்டது.

எங்கள் ஊரில் முன்பு ஒரு வெள்ளைக்காரச் சாமியார் பேஸ்பால் கிளப் நடத்தினார். அவர் கப்பல் ஏறியதும் கிளப்பும் போயிற்று. இப்போது எங்கள் வீட்டுக்காரரும் மாதா கோயில் உபதேசியாரும் அதை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள் - சாமியார் சொல்லிக்கொடுத்த அதே பழைய சட்டத்தோடு. கைக்கு உறை கிடையாது. ஒரு குத்து குத்தி எழும்பும் பந்தைப் பிடித்தாலும் அவுட். மட்டை பிடிப்பவர், பந்து உயரமாக வேண்டுமா தாழ்வாக வேண்டுமா என்று போடுபவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பந்து கிடையாது.

முதல் மேட்ச் பக்கத்து ஊர் இண்டூர்க்காரர்களோடு. பந்து போட்டவர் எங்கள் வீட்டுக்காரர். மட்டையோடு வந்து நின்றவர்... எங்கள் மாப்பிள்ளை சூசை.

ஈஸ்டர் விருந்தில் தன் இலையில் ஈரல் விழவில்லை என்று எழுந்து போனவர். அன்று முதல் மாமனாரும் மருமகனும் பேசுவதில்லை. வந்து கூப்பிடட்டும் என்று அவர். தானாக வரட்டும் என்று இவர். நடுவில் என் மகள் லூர்து, கைக்குழந்தையோடு எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்.

மாப்பிள்ளை, அம்பயராக நின்ற உபதேசியாரைப் பார்த்தார். "ஒசரமா போடச் சொல்லுங்க."

"நேரா கேளுங்க. சட்டம் அப்படிங்க."

"கேட்டா வாய் தேஞ்சிடுமா?" என்று எங்கள் வீட்டுக்காரர் கையிலிருந்த பந்தை விசாரித்தார்.

நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்... இரண்டாவது பேஸில் ஓடத் தயாராக இருந்த இண்டூர் ஆள், அங்கேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். குறுக்கே வந்த எருமை ஒன்று இருவரையும் பார்த்துவிட்டு, அதுவும் நின்றது.

லூர்து முந்தானையைத் திருகினாள். மடியிலிருந்த குழந்தை மைதானத்தைப் பார்த்து, "ப்பா" என்றது.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மாமா... கொஞ்சம் ஒசரமா போடுங்க."

"இதைச் சொல்லத்தான் இத்தனை நேரமாங்க மாப்ள?"

தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்பதுபோல் போட்டார். மாப்பிள்ளை அடித்தார். பந்து ஒரே ஒரு குத்து குத்தி, நேராக மாமனார் கைக்கே வந்தது!

பிடித்தால் அவுட். ஈரலுக்கே எழுந்து போனவர், இதற்குச் சும்மா இருப்பாரா?

பந்து கையில் விழுந்தது... கையிலிருந்து கீழே விழுந்தது.

"கை நடுங்கிடுச்சு," என்றார் எங்கள் வீட்டுக்காரர். முந்தின நாள்தான் பறந்த சேவலை ஒற்றைக் கையில் பிடித்தவர்.

நாங்கள் தோற்றோம். மத்தியானம் எங்கள் வீட்டு விருந்தில் அந்தச் சேவலின் ஈரல் முழுக்க மாப்பிள்ளை இலைக்குப் போனது. சாயங்கால பஸ்ஸில் லூர்து இண்டூர் போய்ச் சேர்ந்தாள். ஊர்ப் பெரியவர்கள் எத்தனை முறை உட்கார்ந்து பேசியும் நடக்காதது!

ஸ்டெல்லா கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருமுறை வாசி. அந்தக் கை நடுங்கின இடத்தை மட்டும், தாத்தாவுக்குக் கேட்கிற மாதிரி வாசி.