ஓரகத்தியின் ஏற்றுமதி ஷூ

ஷூ தைத்து விற்கும் மூத்தவளுக்கு வயிற்றெரிச்சல் நேற்று வந்த வியாதி இல்லை. அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, ஏற்றுமதிப் பட்டறை போட்ட நாளிலிருந்தே இருப்பது. ஏழை நாட்டுச் சரக்கு என்று வெளிநாட்டுக்காரன் வரி போடாமல் உள்ளே விட்டான். ஓரகத்தி காட்டில் மழை. நல்ல தோலையெல்லாம் அவள் வாரிக்கொண்டாள். கைதேர்ந்த தையல்காரர்களும் அவளிடமே போனார்கள். மூத்தவளுக்கு மிஞ்சியது முரட்டுத் தோலும், கண் மங்கிய ஒரு தையல்காரரும், ஈ ஓட்டும் புருஷனும்தான்.

"அவ ஏழை நாட்டுக்காரின்னா, நான் எந்த நாட்டுக்காரி?" என்று புருஷனிடம் பொருமுவாள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டது தம்பி காரில் ஓசிச் சவாரி போகிறவனிடம்.

திடீரென்று அந்தச் சலுகை போயிற்று. நாடு முன்னேறிவிட்டதாம், இனி முழு வரியாம். விலை ஏறியதும் வெளிநாட்டுக்காரன் கையை விரித்தான். மூத்தவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஓரகத்தி முகம் வாடி வந்து நின்றாள். "அக்கா, எங்கிட்ட இருக்கற, தோலை மாட்டித் தைக்கற கால் அச்சுக்கட்டையெல்லாம் அந்த ஊர்க் காலுக்குச் செதுக்கினது. நீளம், ஒடுக்கம். நம்ம ஜனங்களுக்குச் சேராது. உங்க அச்சுக்கட்டையைக் கொஞ்ச நாள் தர்றீங்களா?"

மூத்தவள் ஏமாளி இல்லை. ஆனால் இவள் தன்னிடம் கையேந்துவதைப் பார்க்க எத்தனை வருஷம் தவம் கிடந்தாள்! "இதுக்கெல்லாம் கேக்கணுமாடி? எடுத்துட்டுப் போ."

"யோசிச்சுத்தான் குடுத்தியா?" என்றான் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க. இன்னிக்காவது என் வாசல்ல நின்னாளே!"

மாதம் திரும்புமுன் ஓரகத்தியின் ஷூக்கள் எதிர்க் கடையில் ஏறின. மெல்லிய தோல், பிசிறில்லாத தையல், உள்ளூர்க் கால் அளவு, விலையும் மலிவு. கப்பல் ஏறாத சரக்கு வேறெங்கே போய் விழும்? மூத்தவளின் கடைப்படி ஏறியவர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கினார்கள். தையல்காரரும் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

கட்டைகளைத் திருப்பித் தர வந்த ஓரகத்தி, ஒரு புது ஜோடியையும் நீட்டினாள். "உங்களுக்குத்தான்க்கா. பெருவிரல் பக்கம் எலும்பு துருத்திக்கிட்டிருக்குமே, அந்த இடத்துல தளர்த்தித் தெச்சிருக்கேன்."

அவள் தலை மறைந்ததும் குப்பையில் வீசத்தான் மூத்தவள் எடுத்தாள். ஏனோ காலை நுழைத்துப் பார்த்தாள். தானே தைத்துப் போட்டதெல்லாம் இத்தனை வருஷமாக அந்த எலும்பைக் கடித்தன, இது கடிக்கவில்லை. பாவி, என்னமாய்த் தைத்திருக்கிறாள்! வயிறு பற்றி எரிந்தது. கால் சுகமாக இருந்தது.

அதைப் போட்டபடியேதான் கடையைப் பூட்டினாள். மறுநாள் திறக்கவில்லை.