கிரேன்காரரின் பத்துக் கிலோ

பதினான்கு வருடங்களாக அவர் வேலை பார்த்தது தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். கட்டடங்கள் மாறின, கம்பெனிகள் மாறின. கூண்டு மட்டும் ஏறக்குறைய அதேதான்: ஒரு நாற்காலி, இரண்டு லீவர், ஒரு வாக்கிடாக்கி, காலுக்குக் கீழே பிறர் வீட்டு மொட்டைமாடிகள். சைட்டில் எல்லோரும் அவரை உச்சி என்றார்கள், நேரில் உச்சியண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஏணியில் ஏற இருபத்தைந்து நிமிடம், இறங்கப் பதினைந்து. ஆகவே காலையில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். இடையில் வேண்டியதெல்லாம் வாளியில் வரும். அவர் கூண்டிலிருந்து மெல்லிய நைலான் கயிற்றை விடுவார், கீழே வாளியைக் கட்டுவார்கள், இவர் கையால் இழுத்துக்கொள்வார். அப்படி இழுப்பதையே அவர் நெடுங்காலம் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்துவந்தார்.

சைட்டில் ஒரே ஒரு கிரேன். கம்பி மேஸ்திரிக்குக் கம்பிக்கட்டு இந்த நிமிடமே ஒன்பதாம் மாடிக்குப் போக வேண்டும். பலகை மேஸ்திரிக்குப் பலகை. கொத்து மேஸ்திரிக்குச் செங்கல் நேற்றே போயிருக்க வேண்டும். எது முதலில் என்று எஞ்சினீயர் தினமும் ஒரு பட்டியல் அச்செடுத்து ஒட்டுவார். அதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. முன்னுரிமையைத் தீர்மானித்தது வாளிதான். கிரீம் பன் வந்தால் கம்பி, பொரித்த கோழி வந்தால் பலகை, இரண்டும் ஒன்றாக வந்தால் அவருக்கு மனசாட்சிப் பிரச்சினை. லஞ்சம் என்று யாரும் சொல்லவில்லை. "அண்ணனுக்குக் கொஞ்சம் அனுப்பிவிடு" என்றுதான் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பதினான்கு வருடத்தில் அண்ணன் நூற்றிருபது கிலோவைத் தொட்டார்.

இதனால் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தது, படிக்கத் தெரிந்த ஒரு சேஃப்டி அதிகாரி வந்து சேரும்வரை. முந்தைய அதிகாரிகள் ஏணியில் ஏறுபவன் பாதுகாப்பு பெல்ட் போட்டிருக்கிறானா என்று பார்ப்பார்கள். இவர் பெல்ட்டின் உட்புறம் தைத்திருந்த துணிச்சீட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் அதிகபட்சம் நூற்றுப்பத்து கிலோ என்று இருந்தது. உச்சியை மருத்துவ அறைக்கு அழைத்துப்போய் எடை மெஷினில் நிறுத்தினார். பிறகு நான்கு மாத அவகாசம் கொடுத்து, அதுவரை ஏறலாம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். பெல்ட் தாங்காத பத்துக் கிலோவைக் காகிதம் தாங்கும் என்பது அதிகாரிகளுக்குள் நிலவும் நம்பிக்கை.

நான்கு மாதத்தில் குறையாவிட்டால் தரை வேலை. தரை வேலை என்றால், விசில் ஊதிக் கொடி காட்டிக் கிரேனுக்கு வழிசொல்லும் சிக்னல் பிரிவு. அந்தப் பிரிவின் தலைவன் அவருடைய மனைவியின் தம்பி. பதினான்கு வருடமாக அவர் குனிந்து பார்த்தே பழகிய மஞ்சள் ஹெல்மெட்டுகளில் அந்த மச்சானுடையதும் ஒன்று. அவனுக்குக் கீழே விசில் ஊதுவதா என்ற கேள்வி வந்ததும் உச்சிக்கு முதல்முறையாகத் தலைசுற்றியது. உயரத்தினால் அவருக்கு என்றுமே சுற்றியதில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி பதறவில்லை. அவர் ஒரு தையல் கடையில் சீருடை வெட்டுபவர். கணவரின் இடுப்பளவு வருடத்துக்கு எத்தனை விரற்கடை கூடுகிறது என்று அவருக்கு அதிகாரியைவிட நன்றாகவே தெரியும். அன்றே தன் அக்காவிடம் கேட்டு, போனில் வலம்வரும் உணவுத்திட்டங்களில் மிகக் கொடூரமானதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மூன்று வேளையும் முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர். சனிக்கிழமை மட்டும் விருந்தாக அந்த முட்டைக்கோஸ். திட்டத்துக்கு ஏழு எழுத்தில் வெளிநாட்டுப் பெயர் ஒன்றிருந்தது. பாதி எடை பெயரைக் கேட்டே இறங்கிவிடும் போலிருந்தது.

முதல் நாள் வாளியில் கிரீம் பன் வந்தது. உச்சி அதை அப்படியே திருப்பி இறக்கினார். கீழே கம்பி மேஸ்திரி தொடாத பன்னைப் பார்த்ததும் முகம் இருண்டு போனார். பலகைக்காரன் பெரிதாக ஏதோ அனுப்பியிருக்கிறான் என்பதைத் தவிர வேறு விளக்கமே அவருக்குத் தோன்றவில்லை. பகலில் பலகை மேஸ்திரியின் கோழியும் திரும்பி வந்தது. அவரும் அதே முடிவுக்கு வந்தார், ஆளை மட்டும் மாற்றி. மறுநாள் இரண்டு பன், முழுக்கோழி. மூன்றாம் நாள் கொத்து மேஸ்திரி ஒரு முழு கேக்கை ஏற்றினார், மேலே செர்ரி வைத்து. எல்லாம் இறங்கின. நான்காம் நாள் மூன்று மேஸ்திரிகளும், அதுவரை ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள், சேர்ந்து எஞ்சினீயரிடம் போய்க் கிரேன்காரர் பாரபட்சம் காட்டுகிறார் என்று புகார் கொடுத்தார்கள். வாங்கியதற்குப் புகார் வந்து எஞ்சினீயர் பார்த்திருக்கிறார். வாங்காததற்கு இதுதான் முதல்முறை.

மூன்றாவது வாரம் எடை ஆறு கிலோ இறங்கியிருந்தது. மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தார். நான்காவது வாரம், காலை பதினொரு மணிக்கு, ஏழாம் மாடிக்கு நேராக ஒரு கம்பிக்கட்டு அந்தரத்தில் நின்றது. வாக்கிடாக்கியில் மச்சான் நான்கு முறை கூப்பிட்டான். பதில் இல்லை. மேலே உச்சி லீவரைப் பூட்டிவிட்டு, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, ஊர் தன்னைச் சுற்றிச் சுழல்வது எப்போது நிற்கும் என்று காத்துக்கொண்டிருந்தார். பதினொரு நிமிடம். ஒன்றரை டன் இரும்பு காற்றில் மெல்ல ஆடியபடி இருக்க, கீழே நின்றவர்கள் தங்கள் உயிருக்கும் முட்டைக்கோஸுக்கும் உள்ள தொடர்பை அறியாமல் தேநீர் குடித்தார்கள்.

அன்று மாலை இறங்கியவர், நேரே போய் நான்கு பன் தின்றார். அடுத்த பத்து நாளில் போன ஆறு கிலோவும் உறவினர்போல் திரும்பி வந்து, பழைய இடங்களிலேயே உட்கார்ந்துகொண்டது. மூன்று மாதம்கூட மிச்சமில்லை.

சேஃப்டி அதிகாரி அவரை மருத்துவ அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த நர்ஸ் அவர் வயதில் பாதிகூட இருக்க மாட்டாள். கை நசுங்கியவர்களுக்குக் கட்டுப் போட்டுச் சலித்தவள். ரத்த அழுத்தம் பார்த்தாள், கதை கேட்டாள், எதற்கும் ஆச்சரியப்படவில்லை. கடைசியில் கேட்டாள்:

"வாளி ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல வருதுண்ணா?"

அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை தீர்ந்து மறு கைக்குப் போனபோது அவருக்கே கூச்சமாகிவிட்டது. ஒன்பது.

"மூணு போதும். வீட்டுல சோறு எப்பவும் போடறதுல பாதி போடச் சொல்லுங்க. காய் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க. மதியம் ஒரு தடவை இறங்கி ஏறுங்க. அவ்வளவுதான்."

"பன்னு?"

"சாப்பிடுங்க. ஒண்ணு."

அவர் இன்னும் ஏதாவது வரும் என்று உட்கார்ந்திருந்தார். மாத்திரை, பொடி, குறைந்தபட்சம் விலக்க வேண்டிய ஒரு பழத்தின் பெயர். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

வீட்டில் இது பெரிய ஏமாற்றமாக முடிந்தது. பாதியாகச் சாப்பிடுவது ஒரு திட்டம் என்று மனைவியால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "பாதிச் சோறு திங்கறதுக்கு ஒரு நர்ஸம்மா சொல்லணுமா? இதை நான் கல்யாணமான புதுசுலயே சொன்னேனே. யாராவது என்ன டயட்னு கேட்டா, என்னத்தைச் சொல்றது? பேராவது இருக்கா இதுக்கு?" என்றார். இருந்தாலும் சின்னத் தட்டு ஒன்று வாங்கிவந்தார். தட்டு சிறிதாக இருந்தால் வயிறு ஏமாறும் என்று அக்கா சொன்னாளாம். வயிற்றுக்குக் கண் இருக்கிறதா என்று உச்சி கேட்டதற்கு, இத்தனை வருடமும் கண் இல்லாமல்தானே தின்றீர்கள் என்று பதில் வந்தது. அந்த உரையாடல் அத்துடன் முடிந்தது.

சைட்டில் அவர் மேஸ்திரிகளை நிற்கவைத்துப் பேசினார். ஒரு நாளைக்கு மூன்றே வாளி, ஆளுக்கு ஒன்று, உள்ளே ஒரே ஒரு பொருள். இரண்டு இருந்தால் ஒன்று திரும்பும். அதைப் பார்த்து யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. மேஸ்திரிகள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு என்றால் அனுப்புவதில் என்ன பயன் என்ற நியாயமான சந்தேகத்தைக் கொத்து மேஸ்திரி எழுப்பினார். அனுப்பாமல் விட்டு மற்றவன் அனுப்பிவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் மூவருமே ஒப்புக்கொண்டார்கள். எதை முதலில் தூக்குவது என்று தீர்மானிக்க வேறு வழி இல்லாமல் போகவே, உச்சி எஞ்சினீயரின் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டே வாரத்தில் மாடி எழும்பும் வேகம் கூடியது. எஞ்சினீயர் அதற்குத் தன் நிர்வாகத் திறமையே காரணம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

எடையோ அவசரமே படவில்லை. வாரத்துக்கு முக்கால் கிலோ. ஒரு வாரம் ஒரு கிலோ, அடுத்த வாரம் அரை. ஒரு வாரம், உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தபின், ஒன்றுமே இல்லை. அதைக் குற்றவாளி மாதிரி நர்ஸிடம் ஒப்புக்கொண்டார். கல்யாணத்தில் சாப்பிடாமல் வேறென்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். தண்டனை கிடைக்காததில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான். பட்டினி கிடந்தபோது ஒரு தியாகி என்ற மரியாதையாவது இருந்தது. இப்போது பன்னும் தின்றுகொண்டு மெலிகிற ஆளை யார் மதிப்பார்கள்?

மதியம் இறங்கி ஏறுவது முதல் வாரம் நரகம். ஏணியில் ஐந்து தட்டு. ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு வாங்கினார். பிறகு நான்கு தட்டில் மட்டும் நின்றார், அப்புறம் மூன்றில்.

நாள் நெருங்கியது. கடைசி வாரத் தொடக்கத்தில் நூற்றுப்பன்னிரண்டு. கணக்குப் பார்த்தால் எப்படியும் ஒரு கிலோவுக்கு மேல் இடிக்கும் என்று தெரிந்துபோயிற்று. மச்சான் வழி வைத்திருந்தான்.

"மாமா, ரெண்டு நாள் தண்ணி குடிக்காதீங்க. மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு வெயில்ல நில்லுங்க. மெஷின்ல ஏறி இறங்கினதும் பாட்டில் பாட்டிலா குடிச்சுக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"கம்பிக்குத் தெரியும்டா."

"எந்தக் கம்பிக்கு?"

ஏழாம் மாடிக்கு நேராகப் பதினொரு நிமிடம் தொங்கியதை அவர் மறக்கவில்லை. மச்சானுக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. மாமாவைத் தனக்குக் கீழே வேலை வாங்க அவனுக்கும் தயக்கம் இருந்திருக்கும், ஆசை அளவுக்கு இல்லாவிட்டாலும். உச்சி மறுநாள் காலை தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்பினார். மூன்றாம் தட்டில் மூச்சு வாங்க நின்றார். அன்று நெற்றியில் பட்ட கண்ணாடியின் குளிர்ச்சி நினைவுக்கு வந்தது. கீழே மஞ்சள் ஹெல்மெட்டுகள் பத்துப் பன்னிரண்டு அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தன. தட்டிலேயே உட்கார்ந்து இடுப்பிலிருந்த பாட்டிலைத் திறந்து முழுவதையும் குடித்தார்.

எடை பார்க்கும் நாளில் மெஷின் நூற்றுப்பதினொன்றரை காட்டியது. சேஃப்டி அதிகாரி எண்ணை இரண்டு முறை படித்தார். எட்டரைக் கிலோ இறக்கியதற்கு மனமாரப் பாராட்டினார். பாராட்டி முடித்ததும் கூண்டின் சாவியை வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். வேறொரு கடிதத்தில் கையெழுத்துப் போட அவருக்கு ஏனோ இந்தமுறை மனம் வரவில்லை. குறையாமல் இருந்தவரை நம்பியவர், குறைந்தபின் சந்தேகப்பட்டார்.

கம்பெனி வேறொருவரைக் கூண்டுக்கு ஏற்றிய அந்த ஆறு வாரம் பற்றி உச்சி யாரிடமும் பேசுவதில்லை. மச்சான் அவருக்கு விசில் கொடுத்தான், கொடிகள் கொடுத்தான், அவற்றை எப்படிப் பிடிப்பது என்று மூன்று பேர் முன்னால் சொல்லியும் கொடுத்தான். முதல் நாள் "மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றவன், நான்காம் நாள் "மாமா" என்பதை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொன்னான். வீட்டில் மனைவி தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தட்டில் பாதிக்கு மேல் போடவும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் மட்டும், அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இன்னிக்குக் கொஞ்சம் கூடப் போடட்டுமா?" என்றார். அவர் யோசித்தார். வேண்டாம் என்றார். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இருவருக்குமே வியப்பு.

ஆறாம் வார முடிவில் நூற்றொன்பது கிலோ அறுநூறு கிராம். அதிகாரி சாவியை நீட்டினார். அவர் அறையைவிட்டு வெளியே போனதும் உச்சி நர்ஸிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்போ இதோட விட்டுடலாமாம்மா?"

"எதை?"

"இந்த டயட்டை."

அவள் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீங்க டயட்டே இருக்கலையேண்ணா. சாப்பிட்டுக்கிட்டுதானே இருக்கீங்க. எதை விடுவீங்க?"

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். முடிவு என்று ஒன்று இல்லாத வேலையில், தெரியாமலே நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது புரிய அவ்வளவு நேரம் பிடித்தது. பிறகு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணிக்குப் போனார். மூன்றாம் தட்டில் நின்றார், மூச்சு வாங்க. ஐந்தாம் தட்டில் நிற்கவில்லை.

கூண்டைத் திறந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் வாக்கிடாக்கி கரகரத்தது.

"உச்சி மாமா, ஏறியாச்சா? முதல்ல என்ன தூக்கறீங்க?"

"பட்டியல்ல என்ன போட்டிருக்கு?"

கீழே ஒரு மஞ்சள் ஹெல்மெட் அவசரமாக ஆபீஸ் பக்கம் நடந்தது. சற்று நேரத்தில் குரல் வந்தது: "செங்கல், மாமா."

"கட்டு" என்றார்.