வெயில் ஏறினால் வடிந்துவிடும்

எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் பாலம்தான். காரைக்காலில் அரசலாற்றுப் பாலத்தை விட்டால் சைக்கிள்காரனுக்கு மூச்சு வாங்க வேறு இடம் கிடையாது. இமயமலைப் பாதையில் சைக்கிள் பயணம் போவது என்று முடிவானதும் நானும் என் மனைவியின் தம்பியும் நான்கு மாதம் அந்தப் பாலத்தில் ஏறி ஏறி இறங்கினோம். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பை கட்டி, பைக்குப் பத்துக் கிலோ அரிசி போட்டிருப்போம். பாலத்தடி டீக்கடைக்காரர், "ரேஷன் அரிசிய எந்தப் பக்கம் கடத்துறீங்க சார்?" என்று தினமும் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுச்சேரியிலிருந்து கீழவாஞ்சூர் வரை ஓட்டுவோம். நிலக்கரி லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, முகமெல்லாம் கறுத்து, எதிர்க்காற்றில் மிதித்துத் தொலைப்போம். மலைக்காற்றுக்கு இதுதான் பயிற்சி என்று அவனிடம் சொல்வேன். எதற்கும் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிற வாய் எனக்கு. அந்த வாயைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

பாசனப் பிரிவில் எனக்கு வேலை. காலையில் மதகடிக்குப் போய் அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட வீட்டில் உட்கார்ந்துகொண்டு அளவு எழுதியதில்லை. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் அக்கம்பக்கத்தார் என்னைத்தான் கேட்பார்கள். நான் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வெயில் ஏறுனா வடிஞ்சிடும்" என்பேன். வடிந்தும்விடும். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு.

போலகத்தில் என் மாமனார் வீட்டுக்கு அவன் ஒரே ஆண்பிள்ளை. ரயிலடிக்கு வழியனுப்ப வந்த என் மனைவி அவன் காதுபடவே என்னிடம் சொன்னாள்: "அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்கதான் பாத்துக் கூட்டியாரணும்." அவன் சிரித்தான். "அத்தான் தண்ணிய பாத்தே நாள் சொல்றவரு. அவருகூட போறேன், எனக்கு என்னக்கா?" என்றான்.

முதல் ஏழு நாளும் அவன்தான் முன்னால் போனான். நான் நாக்குத் தள்ளி வருவதைத் திரும்பிப் பார்த்து, "பாலம் இன்னும் முடியல அத்தான்" என்று கேலி செய்வான். எட்டாம் நாள் கணவாயை ஏறிக் கடந்தோம். உச்சியில் தலை விண்விண்ணென்று வலிப்பதாகச் சொன்னான். அந்தப் பக்கம் சற்று இறங்கி, சாலையோரம் மலைக்காரப் பெண் ஒருத்தி நடத்தும் கூடாரத்தில் தங்கினோம். காலையில் பார்த்தால் அவனால் ஷூ கயிற்றைக் கட்ட முடியவில்லை. எழுந்து நடந்தான், கள்ளுக் குடித்தவன் போலக் கால் பின்னியது.

உயரத்தில் தலைவலி வேறு, தடுமாற்றம் வேறு. தடுமாறினால் மூளையில் நீர் கோத்துவிட்டது என்று அர்த்தம், உடனே கீழே இறக்கியாக வேண்டும், தாமதித்தால் ஆளையே தூக்கிவிடும். இதெல்லாம் நான் படித்து வைத்திருந்தேன். கீழே இருபது கிலோமீட்டரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. வண்டி எதுவும் வரக் காணோம். சைக்கிள்களைக் கூடாரத்தில் போட்டுவிட்டு அவனைத் தோளில் சாய்த்து நடத்திக் கிளம்பினேன்.

அந்தப் பெண் ஓடிவந்து இந்தியில் ஏதோ படபடவென்று சொன்னாள். எனக்குத் தெரிந்த இந்தி டீ கேட்கப் போதும், அவ்வளவுதான். வழியில் ஓடை இருக்கிறது என்று புரிந்தது. அவள் கிழக்கே சூரியன் வரப்போகிற சிகரத்தைக் காட்டினாள். பிறகு கையைத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்து, மெல்ல உயர்த்தி இடுப்பில் நிறுத்தினாள். நடுவில் இடுப்பளவு ஆழம், வெயில் வந்தபின் கட என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பில் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

கால் மணி நடையில் ஓடை வந்தது. மலையிலிருந்து இறங்கி, சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது. இருபது முப்பது அடி அகலம்தான். தெளிந்த தண்ணீர், கூழாங்கல் எல்லாம் தெரிந்தது. நான் மட்டும் கொஞ்ச தூரம் இறங்கிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது, ஆனால் குளிர் எலும்புக்குள் போனது. அப்போது மணி ஆறரை.

"போயிடலாமா அத்தான்?" என்றான்.

"ஆழம் தெரியாம கால வுடக் கூடாது மாப்ளே. நடுவுல எப்படி இருக்கோ. இந்தக் குளுருல நனைஞ்சா ஒனக்குத் தாங்காது. வெயில் ஏறட்டும், வடிஞ்சிடும்."

"நீங்க சொன்னா சரி" என்று என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான்.

தொழில் புத்தி போகுமா? தண்ணீர் விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை அடையாளம் வைத்தேன். எவ்வளவு வடிகிறது என்று பார்க்கத்தான். வெயில் வந்தது. சற்று நேரத்தில் பார்த்தால் கல்லைக் காணோம். சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கல்லை வைத்தேன். அதுவும் முழுகியது. மூன்றாவது கல்லைச் சற்று மேலே தள்ளி வைத்தேன். தண்ணீர் கலங்க ஆரம்பித்திருந்தது. ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது எந்த நிறமோ அந்த நிறம். அது எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

மேலே பனி. வெயில் ஏறினால் பனி உருகும், உருகினால் தண்ணீர் ஏறும். ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. வெயில் தண்ணீரை வற்றடிக்கிற ஊரில் பிறந்து, அதையே சம்பளத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த மூளை. வெயில் வருவதற்குள் போய்விடு என்றுதான் அவள் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள்.

பத்து மணிக்கு இடுப்பளவு வந்துவிட்டது. உள்ளே பாறைகள் உருண்டு முட்டிக்கொள்ளும் சத்தம் கரையில் கேட்டது. அவனை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். நாலாவது அடியில் கால் வாரியது. இருவரும் விழுந்து, ஒரு பாறையைப் பிடித்து, அவன் சட்டைக் காலரை இழுத்துக் கரை சேர்ந்தேன். எந்த நனைச்சலுக்குப் பயந்து உட்கார வைத்தேனோ, அதைவிட நன்றாக நனைந்துவிட்டான். கூடாரத்துக்குத் திரும்பலாம் என்றால் அது மேலே இருக்கிறது. மேலே போகிற ஒவ்வோர் அடியும் அவனுக்கு விஷம்.

என் சட்டையைக் கழற்றி அவன்மேல் போட்டுவிட்டு அந்தக் கரையைப் பார்த்துக் கத்தினேன். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்கு அன்றைக்கு எல்லாமே அந்தச் சாண் முழத்தில்தான் இருந்தது. திருநள்ளாற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான், சனி பகவானிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைப் பிடித்துக்கொள், அவனை விடு என்று வாய்விட்டு அழுதேன். தூங்கவிடாமல் இருக்க, "ஒன் அக்கா பேரு என்னடா, சொல்லு" என்று கன்னத்தைத் தட்டினேன். அவன் கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தான்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டான், ரொம்ப மரியாதையாக.

இரண்டரை மணிக்குத்தான் அந்தக் கரையில் சாலை வேலைக்கான ஜேசிபி ஒன்று வந்தது. டிரைவர் எங்களைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை, வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டார். மண் அள்ளும் தொட்டியில் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கடந்தேன். இறங்கியதும் டிரைவர் தன் கைக்கடிகாரத்தில் ஆறு மணியைத் தொட்டுக் காட்டி, குனிந்து தன் கெண்டைக்காலைத் தட்டினார். அப்போது எனக்கு இந்தி நன்றாகப் புரிந்தது.

அதே வண்டியில் கீழே சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கிவிட்டது. காலையிலேயே இறக்கியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றார் அங்கிருந்த டாக்டர்.

வருடம் ஒன்று ஆகப் போகிறது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, சட்டைப் பொத்தானை யாராவது போட்டுவிட வேண்டும். அந்த நாள் அவன் நினைவில் இல்லை. "இவங்க இல்லன்னா என் தம்பியே இல்ல" என்று என் மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள். மாமனார் நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்கிறார். அந்த வீட்டில் சோறு எனக்கு இறங்குவதில்லை.

போன வாரம் போலகத்தில் அவனை ஒரு கல்யாணத்துக்குக் கிளப்பிக்கொண்டிருந்தோம். என் மனைவி அவனுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் திடீரென்று கேட்டான்:

"அத்தான், அன்னிக்கிக் காலைல நாம போனப்போ தண்ணி எவ்ளோ இருந்துச்சு?"

அவள் கை நின்றது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடமாகத் தினமும் எனக்குப் பழகிய கேள்விதான். கையை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனேன். அது அங்கே நிற்கவில்லை, மெல்ல எழுந்து இடுப்புக்கு வந்துவிட்டது.

"இவ்ளோ மாப்ளே" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றான் அவன். "அதுல எப்புடி எறங்குறது, பாவம்."

அவள் அடுத்த பொத்தானைப் போட்டாள்.