சுவாமேயில் மறந்த டாக்சி

சார்பாங்குக்கு மண்டை குழம்பத் தொடங்கியது புழுதிக்காற்று வீசும் மாதத்தில். குமாசி நகரத்தில் டாக்சி ஓட்டுகிறவனுக்குத் தெரு மறந்தால் பிழைப்பில் மண். சந்தைக்கு என்று ஏறிய ஒரு அம்மாளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். "என்னைப் பாத்தா நாளைக்குச் சாகப்போறவ மாதிரியா தெரியுது?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. வண்டி எடுக்காத ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தெளியும். எல்லாம் தேவாலயத்தின் மகிமை என்பாள் மனைவி செர்வா.

அவனுக்கு இருந்தது ஒரே பயம். அண்ணன் அம்பான்சாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. தலைவலி என்றார், வழி மறந்தார், பெற்ற மகளையே பெயர் மாற்றிக் கூப்பிட்டார். குடும்பம் கூடி அவரை ஊருக்கு வெளியே ஒரு ஜெப முகாமில் கொண்டுபோய் விட்டது. போன சில நாளிலேயே குணம் தெரிந்தது. குணம் தெரிகிறதே, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார் அங்கிருந்த தீர்க்கதரிசி. அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருஷமாகிவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்லடா" என்று அண்ணன் சொல்லாத நாளில்லை. எந்தப் பைத்தியம் தன்னைப் பைத்தியம் என்று ஒத்துக்கொண்டது? அவருடைய டாக்சி சும்மா நிற்பானேன் என்று தம்பி கைக்கு வந்தது.

காலையில் வண்டியைக் கிளப்பினால் முன்பக்கம் டக் டக் என்று ஒரு சத்தம். சுவாமே பட்டறைத் தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடும். மெக்கானிக் துமாசி காதைத் தீட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எங்கய்யா சத்தம்?"

"காலையில கேட்டுது மாஸ்டர்."

"காலையில சேவல்கூடத்தான் கூவுது. அதுக்கும் கேஸ்கட் மாத்தவா? ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போ. எஞ்சின் நல்லா ஆறட்டும், காலையில கிளப்பிப் பாக்குறேன்."

சுவாமேயில் வண்டியை விட்டுவிட்டுப் போவதா? முழு வண்டியாக விட்டால் வெறுங்கூடாகத்தான் திரும்பும் என்று ஊரில் ஒரு பேச்சு. அது மெய்யோ பொய்யோ, யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. வண்டிக்காரன் ஸ்டூலைப் போட்டு பானெட் பக்கத்திலேயே உட்காருவான். மூத்திரம் முட்டினாலும் எழுந்திருக்கமாட்டான். சார்பாங்கும் அந்த ஊர்க்காரன்தானே. "நல்ல யோசனை மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த முறை போன அன்று தலை பிளந்தது. கெங்கி உருண்டையும் பொரித்த மீனும் வாங்கலாம் என்று பட்டறையை விட்டு வெளியே வந்தான். எதிரே ஒரு ட்ரோட்ரோ வேன், "சாந்தாசி! சாந்தாசி!" என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. சாந்தாசியில்தானே நம் வீடு என்று ஏறி உட்கார்ந்தான். வீட்டுக்குப் போய் ஃபுஃபு சாப்பிட்டான், படுத்துத் தூங்கிவிட்டான்.

விடிந்ததும் வாசலில் வண்டி இல்லை. "ஐயோ, திருட்டுப் போச்சே!" என்று தெருவையே எழுப்பிவிட்டான்.

செர்வா கையைப் பிசைந்தாள். "என்னங்க, நேத்து நீங்க ட்ரோட்ரோவுலதானே வந்து இறங்குனீங்க?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் உள்ளே போய் அவனுடைய துணிகளை மடித்து மூட்டை கட்டினாள். அழுதுகொண்டேதான் கட்டினாள். "முகாமுக்குப் போயிடலாங்க. அண்ணனும் அங்கதானே இருக்காரு, உங்களுக்குத் துணையாச்சு" என்றாள். அவன் தலையாட்டினான்.

முதலில் வண்டியை எடுக்க இருவரும் மூட்டையோடு சுவாமே போனார்கள். டாக்சி விட்ட இடத்திலேயே நின்றது. ஒரு போல்ட்கூடக் குறையவில்லை.

"வாய்யா பெரிய மனுஷா! கட்டின பொண்டாட்டியை மறந்தவன் உண்டு, சோறு போடுற வண்டியை மறந்தவனை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் துமாசி. பேசிக்கொண்டே சாவியைத் திருகினார்.

டக் டக் டக் டக்.

"எனக்கும் கேக்குதுங்க!" என்றாள் செர்வா. சார்பாங்குக்குக் கண் கலங்கியது. சத்தம் அவன் தலைக்குள் இல்லை, வெளியே இருந்தது.

"சூடேறினா இரும்பு விரிஞ்சு சத்தத்தை அமுக்கிடும். புகையை அமுக்காது" என்று துமாசி வேலையை ஆரம்பித்தார். துரு ஏறிய நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். அப்படியும் ஒரு போல்ட் கழுத்தோடு முறிந்தது. அதன் வம்சத்தையே திட்டித் துளைபோட்டு எடுத்தார். எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் மேனிஃபோல்டைக் கழற்றினால், இடையில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கட் தீய்ந்த வாழைத்தோல் மாதிரி உதிர்ந்தது. அங்கிருந்து கரி ஒரு கோடாக ஏறி, டாஷ்போர்டுக்குப் பின்னால் வயர் நுழையும் ஓட்டைக்குள் போயிருந்தது.

"கண்ணாடியை ஏத்திவிட்டா ஓட்டுறே?"

"புழுதி மாஸ்டர்…"

"அப்ப புகை எல்லாம் உன் மூக்குலதான். ஏறுறவன் அஞ்சு நிமிஷத்துல இறங்கிடுறான், நீ பொழுதுக்கும் உக்காந்து குடிக்கிறே. தலை வலிக்கலியா?"

"வலிச்சுது. எல்லாம் மறந்து மறந்து போச்சு."

"புகையைக் குடிச்சா ஞானமா வரும்? பழைய கேஸ்கட்டு, இன்னைக்கு நேத்து போனதில்ல. உனக்கு முன்னாடி யாரு ஓட்டுனா? அவனையும் விசாரி."

துமாசி கேஸ்கட் உட்காரும் இடத்தை உரசித் துடைத்துப் புது கேஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். வயர் ஓட்டையையும் ரப்பர் வைத்து அடைத்தார். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. சார்பாங்குக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. ஒரு வருஷமாக அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை யாராவது காது கொடுத்துக் கேட்டோமா?

எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் புழுதி குடித்தபடி முகாமுக்குப் போனார்கள். அம்பான்சா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா, எவ்வளவு தெளிவு! இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றார் தீர்க்கதரிசி.

அண்ணன் நிமிர்ந்தார். தம்பியைப் பார்த்தார், செர்வாவைப் பார்த்தார், அவள் இடுப்பில் இருந்த துணி மூட்டையையும் பார்த்தார்.

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தியாடா, இல்ல நீயும் தங்க வந்தியா?"

சார்பாங்குக்கு இப்போது எல்லாம் தெளிவாகப் புரிந்தது. அண்ணன் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக் கீழே போட்டான்.