பத்து நிமிடத்தில் திரும்பி வந்த ட்றொலி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாரி தொடங்குவதற்குச் சற்று முன், யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையின் பெண்கள் வார்டில் இது நடந்தது. எனக்குப் பித்தப்பையில் கற்கள். அவசரம் இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை வந்து அனுமதியாக வேண்டும், வியாழக்கிழமை சத்திரசிகிச்சை.

நான் கட்டட வேலைத்தளங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்பவள். கொங்கிறீட் போடுவதற்கு முன் கம்பி, பலகை, மட்டம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியலில் சரி போடுவதுதான் என் வேலை. வைத்தியசாலைக்கும் ஒரு பட்டியல் எழுதினேன். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, ஸ்கான் அறிக்கை, பிளாஸ்க், சோப், போன் சார்ஜர் என்று பதினேழு பொருட்கள். பதினெட்டாவதை எழுதவில்லை. மனதில் மட்டும் வைத்திருந்தேன். சிகரெட் இல்லாமல் ஐந்து நாள் இருப்பது எப்படி?

கொழும்பில் பயிற்சிக்குப் போயிருந்த காலத்தில் தொடங்கியது. ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. ஒரு நாளைக்கு எட்டு, வேலை நெருக்கினால் பத்து. அப்போது அரியாலையில் ஒரு மாடிக் கட்டடம் நடந்துகொண்டிருந்தது. கடல்நீரேரிப் பக்கமிருந்து வரும் காற்று புகையை உடனே கொண்டுபோய்விடும். கம்பிக் குவியலுக்குப் பின்னால் நின்று சிகரெட் பத்துவேன். மேசன்மாருக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போனால் அவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். கொக்குவிலில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெண் பிள்ளை சிகரெட் குடிக்கிறாள் என்ற கதை வெளியே போனால் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதைவிட எனக்கு அம்மாவின் முகத்தை நினைத்துத்தான் பயம்.

திங்கட்கிழமை காலை அனுமதிப் படிவம் நிரப்ப ஒரு தாதி வந்தார். அம்மா கட்டில் ஓரத்தில் பிளாஸ்க்கை மடியில் வைத்தபடி இருந்தார். சீனி வருத்தம் இருக்கா, பிறஷர் இருக்கா, மூச்சிழுக்கும் தொய்வு இருக்கா என்று கேட்க நான் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். அடுத்த கேள்வியில் தாதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சிகரெட், குடி... கேக்க வேணும் எண்டு கிடக்கு. அதுதான் கேக்கிறன்."

நான் வாய் திறக்க முன் அம்மா முந்திக்கொண்டார். "எங்கடை வீட்டிலை ஆம்பிளையளே உதுகளைத் தொடுறேல்லை, மிஸி."

தாதி என்னைப் பார்க்கவில்லை. அவருடைய பேனை படிவத்தில் இரண்டு இடத்தில் 'இல்லை' என்று போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனது. நான் பேசாமல் இருந்தேன்.

அடுத்த கட்டிலில் குருநகரைச் சேர்ந்த ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். குடலிறக்கத்துக்கு வந்திருந்தார். அதே கேள்விக்கு அவர், "சிகரெட் இல்லை. வெத்திலையோடை புகையிலை போடுவன். எழுதுங்கோ மிஸி. எவ்வளவு எண்டு மட்டும் கேளாதேங்கோ, எனக்கே தெரியாது" என்றார். நாலைந்து கட்டில்கள் சிரித்தன. என் அம்மாவும் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சமாளித்துவிட்டேன். ஆசை வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் போனில் குறித்தேன். எதுவும் ஏழு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஏழு நிமிடம் தாங்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யன்னல்வரை நடந்தேன், தண்ணீர் குடித்தேன், வார்டின் வரைபடத்தைக் கட்டில் கட்டிலாக அளவுக்குக் கீறினேன். செவ்வாய்க்கிழமை குறிப்புகள் அருகருகே வரத் தொடங்கின. கை நடுங்கியது. வியர்த்தது. சாப்பாட்டுத் தட்டின் சத்தத்துக்குக்கூட எரிச்சல் வந்தது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒப்பரேசன் பயம்தான் உனக்கு" என்று திருநீறு பூசிவிட்டார்.

அன்று பார்வை நேரம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பிறகு குருநகர் அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"பிள்ளை, உனக்கு என்ன பழக்கம்?"

"ஒண்டும் இல்லை அம்மா."

"சரி. ஒண்டும் இல்லாததுக்கு ஏன் கை உப்பிடி நடுங்குது?" தலையணைக்குக் கீழிருந்து ஒரு காகிதச் சரை எடுத்தார். "இந்தா, கராம்பு. கடைவாயிலை வைச்சுக்கொண்டிரு. என்ரை வாயையும் உதைக் காட்டித்தான் ஏமாத்திறன்."

நான் வாங்கிக்கொண்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

புதன்கிழமை இருமல் தொடங்கியது. நெஞ்சின் அடியிலிருந்து சளியோடு வரும் இருமல். போனில் தேடிப் படித்தேன். சிகரெட்டைத் திடீரென்று விட்டால் முதல் சில நாட்களில் இப்படி வரலாம் என்று இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். தொடர்ந்து படித்தேன். புகைப்பவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாய் இறுகிக்கொள்ளலாம், சளி அடைக்கலாம், மயக்க மருந்து வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வரைபடம் கீறிய தாளின் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, 'சொன்னால்', 'சொல்லாவிட்டால்' என்று எழுதினேன். சொல்லாவிட்டால் என்பதன் கீழ் ஆறு வரிகள் வந்தன. ஆறாவது, நான் கண் விழிக்காமலே போவது. சொன்னால் என்பதன் கீழ் ஒரே சொல்தான், அம்மா. எனக்குக் கணக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல்தான் பாரமாகத் தெரிந்தது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

பின்னேரம் ஓர் இளம் வைத்தியர் வந்து, "காய்ச்சல், இருமல் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றார். வைத்தியர் வருவதைக் கண்டதும் சுடுதண்ணீரை மிடறு மிடறாகக் குடித்து இருமலை அடக்கி வைத்திருந்தேன். "இல்லை டொக்டர்" என்றேன். அவர் போனதும் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமினேன். அம்மா போன பிறகு குருநகர் அம்மா, "தாயிட்டைச் சொல்லாட்டி விடு. வெட்டுறவையிட்டை எண்டாலும் சொல்லு, பிள்ளை" என்றார். குரலில் சிரிப்போ பகிடியோ இல்லை.

வியாழக்கிழமை காலை ட்றொலியில் ஏற்றினார்கள். அம்மா அதன் விளிம்பைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். தியேட்டர் வாசலில் அவரை நிறுத்திவிட்டார்கள். கதவு மூடியது. உள்ளே குளிர். தலைக்கு மேல் வெள்ளை விளக்கு. என் பெயரையும் எந்த உறுப்பு என்பதையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுச் சரி போட்டார்கள். அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காகப் பார்க்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் தாளில் ஒரு வரி பொய். பிழையான கம்பிக்கு மேல் கொங்கிறீட் ஊற்றினால் வெளியே ஒன்றும் தெரியாது. இடிந்து விழும்போதுதான் தெரியும்.

மயக்க மருந்து வைத்தியர் ஒரு பெண். என் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னார். இன்னொரு தடவை. பிறகு இன்னொரு தடவை.

"உமக்குத் தொய்வு இருக்கோ?"

"இல்லை."

"அப்ப ஏன் நெஞ்சு இப்பிடி இழுக்குது?"

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா. இந்தப் பக்கம் நான் மட்டும். "டொக்டர், நான் சிகரெட் பத்துறனான்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எத்தினை?"

"எட்டு. சில நாள் பத்து. நாலு வருசம்."

"கடைசியா எப்ப?"

"திங்கட்கிழமை காலமை, ஆறு இருவதுக்கு."

"நேரமும் தெரிஞ்சு வைச்சிருக்கிறீர்" என்றார். ஏசவில்லை. சத்திரசிகிச்சை வைத்தியரிடம் போய்க் கதைத்துவிட்டு வந்தார். "இண்டைக்கு வேண்டாம். ஒரு மாசத்துக்குக் கிட்ட, நாலைஞ்சு கிழமை சிகரெட் பத்தாமல் இருந்திட்டு வாரும். கல்லு எங்கையும் ஓடிப் போகாது. தாய்க்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நான் சொல்லமாட்டன். நெஞ்சிலை சளி எண்டு சொல்லலாம், அதுவும் பொய் இல்லை. மிச்சம் உம்மடை முடிவு."

உயிரும் தப்பியது, மானமும் தப்பியது என்று ட்றொலியில் படுத்தபடி நினைத்தேன். அந்த நிம்மதி கதவு திறக்கும்வரைதான் இருந்தது.

அம்மா நடைபாதை வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் ட்றொலி வெளியே வருவதைக் கண்டதும் எழும்பினார். முகத்தில் இரத்தமே இல்லை. ட்றொலி தள்ளியவரின் கையைப் பிடித்து, "என்ன தம்பி, வெட்டிப் பாத்திட்டு மூடிப்போட்டினமே?" என்றார்.

அந்த வார்த்தைகள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை. கான்சர் வந்த பெரியப்பாவை அப்படித்தான் வெட்டிப் பார்த்து, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மூடி அனுப்பினார்கள். இரண்டு மாதம்தான் இருந்தார்.

"இல்லையம்மா, வெட்டவே இல்லை. நெஞ்சிலை சளியாம்" என்றார் அவர்.

அம்மா நம்பவில்லை. நடைபாதை என்றும் பார்க்காமல் போர்வையை விலக்கி, சட்டையைத் தூக்கி, என் வயிற்றில் காயத்தைத் தேடினார். அவருடைய விரல்கள் பனிக்கட்டிபோல் இருந்தன. நடுங்கிக்கொண்டே இருந்தன. காயம் இல்லை என்று கண்ட பிறகும் நடுக்கம் நிற்கவில்லை.

"எனக்கு ஒளிக்கினம். உண்மையைச் சொல்லு பிள்ளை. கான்சரே?"

சளி என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலோடு அம்மா ஐந்து கிழமையும் பெரியப்பாவின் கடைசி நாட்களை என்னில் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அப்போது விளங்கியது.

"இல்லை அம்மா. நான் சிகரெட் பத்துறனான். நாலு வருசமா. அதுதான் நெஞ்சு சரியில்லை."

அம்மா என் சட்டையை மெதுவாக இறக்கிவிட்டார். போர்வையைச் சரி செய்தார்.

"கான்சர் இல்லையே?"

"இல்லை."

"அப்ப அண்டைக்கு மிஸியிட்டை நான் சொன்னது?"

"பிழை அம்மா."

"நீ ஏன் பேசாமல் இருந்தனீ?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். "என்ரை அந்தச் சொல்லாலை உன்னை நானெல்லே சாக்காட்டியிருப்பன்."

அடிப்பார், ஏசுவார், அழுவார் என்று எல்லாவற்றுக்கும் என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். இந்த ஒரு வசனத்துக்குத் தயார் செய்திருக்கவில்லை.

வார்டுக்குத் திரும்பியதும் குருநகர் அம்மா, "என்ன பிள்ளை, தியேட்டரைச் சுத்திப் பாத்திட்டு வாறியே?" என்றார். அம்மா அவரை உற்றுப் பார்த்தார். "உமக்கு முதலே தெரியுமே?"

"அக்கா, புகையிலைக்காரிக்குத் தெரியாமல் ஆருக்குத் தெரியும்? ஏசாதேங்கோ. அது பாவம், மூண்டு நாளா இருந்து பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் கட்டிலில் ஏறி என் பக்கத்தில் இருந்து, நான் இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிவிட்டார்.

ஆறாவது கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கும் பயந்தேன், ஆனால் அது எல்லோருக்கும் வரும் பயம். கண் விழித்தபோது தொண்டை நொந்தது, அவ்வளவுதான். அப்பாவிடம் அம்மா இன்றுவரை சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. வேலை முடிந்து நான் வந்து ஸ்கூட்டியை நிறுத்தும்போது ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு, மணம் பிடிக்கும் தூரத்தில் வந்து நிற்பார். ஒரு நாள், "பத்தேல்லை அம்மா" என்றேன். "நான் கேக்கேல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இடையில் இரண்டு தடவை தவறியிருக்கிறேன். இரண்டையும் நானாகவே அவரிடம் சொன்னேன். முற்றாக விட்டுவிட்டேன் என்று எழுத எனக்கு இன்னும் துணிவில்லை. இன்றைக்குப் பத்தவில்லை என்று எழுதலாம்.

என்னைப் பற்றிய கேள்விக்கு அம்மா பதில் சொன்னபோது திருத்தாமல் இருந்ததை, அவர் மனம் நோகாமல் நான் காத்த மரியாதை என்றே அந்த மூன்று நாளும் நம்பியிருந்தேன். என் வயிற்றில் இல்லாத காயத்தைத் தேடி நடுங்கிய அந்த விரல்களை உணர்ந்த பிறகு, அதற்கு மரியாதை என்ற பெயரை வைக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.